பீங்கான் கூடினால் விருந்து ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ். நகரிலும் நல்லூர்ச் சுற்றாடலிலும் சில விடுதிகள் 'டேஸ்டிங் மெனு' என்ற பெயரில் ஏழு சுற்று, ஒன்பது சுற்று என்று விருந்து வைக்கத் தொடங்கியிருக்கின்றன. விடுமுறைக்கு வரும் வெளிநாட்டு உறவுகளைக் குறிவைத்துத்தான் பெரும்பாலும் விளம்பரம். நல்ல விடயம், செய்யட்டும். ஆனால் மேசைக்கு வருவது என்னவோ நாங்கள் ஒரே இலையில் போட்டுச் சாப்பிடுகிற சோறு கறிதான். அதை ஒன்பது பீங்கானில் பிரித்து வைத்திருக்கிறார்கள். நாலாவது பீங்கானோடு வயிறு நிறைந்துவிடும், ஐந்தாவதோடு நாக்கு மரத்துவிடும், ஏழாவது ஆறிப்போய் வரும். சமைக்கிறவரின் கைப்பக்குவத்தில் குறை சொல்ல முடியாது. கறிகள் தனித்தனியே நல்லவைதான். கணக்கும் ஒழுங்கும்தான் பிழைக்கின்றன. விடுதிக்காரரும் சாப்பிடப் போகிறவர்களும் கவனிக்க வேண்டிய சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

இந்த முறை ஆசியாவுக்குப் புதிதல்ல. ஜப்பானில் பல சுற்றாகப் பரிமாறும் கைசெகி விருந்துக்கு 16ஆம் நூற்றாண்டில் தேநீர்ச் சடங்கோடு பரிமாறிய எளிய உணவு ஒரு வேர். கடைகளுக்கிடையில் சிறு வேறுபாடுகள் இருந்தாலும் பொதுவான ஒழுங்கு ஒன்று உண்டு. முதலில் ஒரு வாய்க் கடி, பருவத்தைக் காட்டும் ஒரு தட்டு, பச்சை மீன், தெளிந்த சாறு. பிறகு அவித்தது, சுட்டது, புளிப்பானது. கடைசியில்தான் சோறு. அதோடு ஊறுகாயும் மிசோ சாறும் வந்து, பழத்தோடு முடியும். பாங்கொக்கில் ககன் ஆனந்த் என்ற சமையற்காரர் இருபதுக்கு மேற்பட்ட சிறு கடிகளாக இந்திய உணவைக் கொடுத்து 2015 முதல் 2018 வரை தொடர்ந்து நாலு ஆண்டுகள் ஆசியாவின் சிறந்த ஐம்பது உணவகங்களின் பட்டியலில் முதலிடத்தில் இருந்தார். சிங்கப்பூரில் 'தேவர்' என்ற பெயரிலேயே நடக்கும் உணவகத்துக்கு, உணவகங்களைத் தரப்படுத்தும் மிச்செலின் வழிகாட்டியின் இரண்டு நட்சத்திரங்கள் கிடைத்தன. சென்னை ஐ.டி.சி. கிராண்ட் சோழா விடுதியின் 'அவர்த்தனா' உணவகம் தென்னிந்தியச் சாப்பாட்டை ஏழு முதல் பதின்மூன்று சுற்று வரை கொடுக்கிறது, கொழும்பு ஐ.டி.சி. ரத்னதீபவிலும் அதற்குக் கிளை உண்டு. ஆக, எங்கள் சாப்பாடு இந்த வடிவத்துக்கு ஒத்துவராது என்று சொல்வதற்கில்லை. ஒத்துவரச் செய்வதற்கு வேலை இருக்கிறது, அவ்வளவுதான்.

முதல் வேலை தராசு. ஒரு வளர்ந்த ஆள் ஓர் இரவில் களைப்பில்லாமல் சாப்பிடக்கூடியது, எல்லாம் சேர்த்து 550 முதல் 650 கிராம் வரை. அதை முதலில் எழுதி வைத்துவிட்டு, உள்ளே எதெது எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். உதாரணத்துக்கு ஓர் ஒன்பது சுற்றைப் பாருங்கள். தொடக்கத்தில் இருபது கிராம் வீதம் இரண்டு சிறு கடி, 40 கிராம். கூழ் 80 கிராம். வல்லாரையோடு குளிர்ந்த இறால் 40. நண்டு 50. கணவாய் 50. வாய் ஆற மோர் 30. ஆட்டிறைச்சி 60. சோறு 90, அதோடு கறிகள் 60. ராசவள்ளிக்கிழங்கு 60. எழும்பும்போது பனங்கட்டியும் எள்ளும் சேர்ந்த ஒரு கடி 20, இதைச் சுற்றாக எண்ணுவதில்லை. கூட்டினால் 580 கிராம் வரும். இப்போது எங்கள் விடுதிகளில் நடப்பது வேறு. கூழே ஒரு கிண்ணம், 250 மில்லிலீற்றர். அதற்குப் பிறகு ஒரு சுற்றாகப் பிட்டு, இன்னொரு சுற்றாக இடியப்பம், மூன்றாவதாகச் சோறு. மூன்று மாச்சத்து ஒரே இரவில் வந்தால் நண்டுக்கு எங்கே இடம்? மாப்பண்டம் கூழ் ஒன்று, சோறு ஒன்று என்று நிறுத்திக்கொள்வது நல்லது.

சோற்றைப் பின்னுக்குத் தள்ளச் சொன்னால் 'எங்கட ஆக்கள் சோறு எங்கே என்று கேட்பினம்' என்று பதில் வரும். கேட்கட்டும். எட்டாவது சுற்றாக மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறு, ஒரு பாற்கறி, ஒரு வறை, ஊறுகாய், மோர்மிளகாய், பக்கத்தில் சிறு கோப்பையில் ரசம் என்று வையுங்கள். ஜப்பான்காரர் சோறு, ஊறுகாய், சாறு என்று முடிப்பதும் இதே எண்ணத்தில்தான். அந்தச் சுற்றை மட்டும் கையால் சாப்பிடும்படி வைத்து, மேசைக்கே கை கழுவத் தண்ணீர் கொண்டுவந்தால் இன்னும் சிறப்பு. முள்ளுக்கரண்டியால் பாற்கறியும் வறையும் குழைத்துச் சாப்பிடுவது யாருக்கும் சந்தோசமான காட்சியல்ல.

அடுத்தது உப்பு. இதைத்தான் அநேகமானோர் தவற விடுகிறார்கள். எங்கள் கறிகளுக்கு உப்பும் புளியும் சோற்றை நினைத்துப் போடப்படுகின்றன. ஒரு பிடி சோற்றுக்குள் கலந்தால் சரியாக இருக்கும் கறி, தனியே சின்னப் பீங்கானில் வந்தால் உப்புக் கரிக்கும். சோறில்லாமல் போகும் ஒவ்வொரு கறிக்கும் வழக்கமான உப்பில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்க வேண்டும், புளியும் அப்படியே. இன்னொரு கணக்கும் உண்டு. 580 கிராமில் ஒரு வீதம் உப்பு என்றாலே 5.8 கிராம். ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. விருந்து முடிந்து வீட்டுக்குப் போய் விடிய விடியத் தண்ணீர் குடிப்பதற்குக் காரணம் இதுதான்.

உறைப்பு இன்னும் சிக்கலானது. மிளகாயில் உள்ள கப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். சூட்டை உணரும் அதே நரம்பு வாயில்களைத்தான் அதுவும் தூண்டுகிறது. ஆகவே ஆவி பறக்க வந்த உறைப்பு இன்னும் கடுமையாகத் தெரியும். அது ஆறுவதற்குள் அடுத்த உறைப்பு வந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். வறுத்த கறித்தூள் போட்ட நண்டு, கணவாய், இறைச்சி மூன்றும் அடுத்தடுத்து வந்தால், மூன்றாவதில் ஏலமும் கறுவாவும் பெருஞ்சீரகமும் இருந்ததா என்றே நாக்குக்குத் தெரியாது. நண்டைப் பச்சை மிளகாயும் தேங்காய்ப்பாலும் போட்டு வெள்ளைக் கறியாகவும், கணவாயை மிளகோடு பிரட்டியும் கொடுத்தால், கறித்தூளின் முழுப்பலம் இறைச்சிக்கு மட்டும் மிஞ்சும். இறைச்சிக்கு முன் அந்த 30 மில்லிலீற்றர் மோர் வருவதும் அழகுக்காக அல்ல. பாலிலுள்ள கேசின் புரதம் கப்சைசினைப் பிடித்து அகற்றும். அந்த இடத்தில் தேசிக்காய் ஐஸ் வைத்தால் கொஞ்ச நேரம் குளிரும், உறைப்பு அப்படியே நிற்கும்.

கூழைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், எல்லா விடுதிகளும் அதைத்தான் முன்னணியில் வைக்கின்றன. ஒடியல் மாவை (காய்ந்த பனங்கிழங்கு மா) இரண்டு மணித்தியாலமாவது ஊறவைத்து, மேலே தெளிந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு மறுபடியும் வடிக்க வேண்டும். இந்த வேலையைக் குறுக்கினால் கைப்பு நிற்கும். கைப்பு மட்டுமல்ல, ஒவ்வாத பொருளும் அந்தத் தண்ணீரோடுதான் போகிறது. வீட்டில் கூழ் தடிப்பாக இருக்கலாம், அங்கே அதுவே முழுச் சாப்பாடு. பல சுற்று விருந்தில் ஒரு லீற்றருக்கு 60 முதல் 70 கிராம் மா போதும். அடுப்பிலிருந்து இறக்கி வைத்தால் பத்து நிமிடத்தில் மாச்சத்து இறுகி, இருபதாவது ஆளுக்குக் களியாகப் போகும். அதனால் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூட்டைக் காத்து, ஊற்றுவதற்குச் சற்று முன் கொதிக்கும் மீன் சாறு கொஞ்சம் விட்டு இளக்க வேண்டும். 80 மில்லிலீற்றர் கோப்பைக்குள் நண்டுக் காலும் மீன் முள்ளும் மிதக்க விடாதீர்கள். சப்பிச் சாப்பிட அங்கே இடமும் இல்லை, நேரமும் இல்லை. நண்டு ஓட்டையும் மீன் தலையையும் அவித்து வடித்த சாற்றில் கூழைக் காய்ச்சி, சதையைத் தனியே போடுங்கள். பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் பட்டாணி அளவுக்கு வெட்டினால் ஒரு கரண்டிக்குள் எல்லாம் வரும். மரவள்ளி போட்ட கூழ் என்றால் இஞ்சி அந்தப் பக்கமே வரக்கூடாது என்பது எங்கள் குசினிகளின் பழைய கட்டுப்பாடு. வெளியூர்ச் சமையற்காரருக்கு அதையும் சொல்லி வையுங்கள்.

நண்டு வாங்கும் கணக்கு இதோ. 600 கிராம் களப்பு நண்டு ஒன்றில் அவித்து உடைத்த பிறகு கிடைப்பது 150 முதல் 180 கிராம் சதை. ஆளுக்கு 50 கிராம் என்றால் மூன்று பேருக்கு ஒன்று. இருபது பேருக்கு ஏழு நண்டு. பழைய ஓட்டைக் கழற்றிப் புது ஓடு போட்டுக் கொஞ்ச நாளான நண்டில் உள்ளே தண்ணீர்தான் அதிகம். அடிப்பக்க ஓட்டையும் பெரிய கால்களையும் விரலால் அமர்த்தினால் அமுங்கும், கையில் எடுத்தால் பருமனுக்கு ஏற்ற பாரம் இராது. பறுவத்து (பௌர்ணமிக் காலத்து) நண்டில் சதை இல்லை என்பது சந்தைப் பேச்சு. நாளைப் பார்ப்பதைவிட நண்டை அமர்த்திப் பார்ப்பது நம்பகமானது. சிங்கப்பூரின் பெயர்பெற்ற சில்லி நண்டுக்கு இலங்கை நண்டு போய்க்கொண்டிருக்கிறது. கொழும்பு பழைய டச்சு வைத்தியசாலைக் கட்டடத்தில் 2011இல் தொடங்கிய 'மினிஸ்ட்ரி ஒஃப் க்ராப்' என்ற நண்டு உணவகம் அரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை நிறையைச் சொல்லித்தான் விற்கிறது. களப்பை வாசலில் வைத்திருக்கும் நாங்கள் மெனுவில் வெறுமனே 'நண்டு' என்று எழுதிவிட்டு, ஒரு காலும் நிறையக் குழம்பும் வைப்பது சரியில்லை.

கணவாய்க்கு நேரம் முக்கியம். அரைச் சென்றிமீற்றர் கீலமாக வெட்டி, புகை வரச் சூடான தாச்சியில் ஒன்றரை நிமிடம். இல்லையென்றால் மெல்லிய நெருப்பில் நாற்பது நிமிடத்துக்கு மேல். இரண்டுக்கும் நடுவில் எடுத்தால் றப்பர்தான். 'முன்னரே பிரட்டி வைத்து, பிறகு சூடாக்கிக் கொடுப்போம்' என்ற யோசனை சரியாக அந்த நடுவில் கொண்டுபோய் விடும். பாற்கறியும் சொதியும் அப்படித்தான். முதற்பால் விட்ட பிறகு கொதித்தால் பிரியும். தேசிக்காய்ப் புளியை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே விட வேண்டும். மூன்று மணித்தியாலச் சேவைக்கு ஒரு பெரிய சட்டி சொதியை அடுப்பிலேயே வைத்துக்கொண்டிருந்தால், எட்டு மணிக்கு நன்றாக இருந்தது ஒன்பதரைக்குத் திரைந்திருக்கும். இரண்டாம் பாலில் அடியை மட்டும் செய்து வைத்து, ஒவ்வொரு தொகுதிக்கும் முதற்பாலைப் புதிதாக விடுங்கள்.

சொதியைச் 'சூப்' என்று தனிச் சுற்றாக ஊற்றுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். சொதி இடியப்பத்துக்குப் பிறந்தது. அதேபோலப் பிட்டு, குழலிலிருந்து எடுத்த சில நிமிடத்தில் காய்ந்துவிடும். 30 கிராம் பிட்டைப் பெரிய பீங்கானின் நடுவில் வைத்தால் மேசைக்கு வரும்போதே மணலாகியிருக்கும். எல்லாவற்றையும் இந்த வடிவத்துக்குள் திணிக்க வேண்டியதில்லை. பிட்டை வீட்டுக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் விட்டுவிடலாம்.

சின்ன அளவு உணவு பெரிய பீங்கானில் மிக வேகமாக ஆறும். 50 கிராம் கறிக்குச் சூட்டைப் பிடித்து வைக்கப் பருமன் இல்லை, கீழே குளிர்ந்த பீங்கான், மேலே ஏ.சி.யும் சீலிங் ஃபானும். சூடான சுற்றுகளுக்குப் பீங்கானை 60 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கி வைப்பது கட்டாயம். இருபது பேருக்கு ஒரே நேரத்தில் ஒரு சுற்று போவதானால், முதற் பீங்கானுக்கும் இருபதாவதுக்கும் இடையில் நாலு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. பீங்கான் ஒன்றுக்கு 12 விநாடி. ஒருவரால் முடியாது. மூன்று பேர் வரிசையாக நிற்க வேண்டும்: ஒருவர் குழம்பு ஊற்ற, ஒருவர் மேலே துண்டை வைக்க, மூன்றாமவர் கறிவேப்பிலை தூவி விளிம்பைத் துடைத்து அனுப்ப. ஒரு பீங்கானில் நாலு பொருளுக்கு மேல் வைத்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். ஒன்பது சுற்று, இருபது பேர் என்றால் 180 பீங்கான். அவ்வளவு இல்லாத விடுதி நடுவில் கழுவித்தான் ஆக வேண்டும். அப்படிக் கழுவிச் சூடாக வந்ததை இறால் போன்ற குளிர்ச் சுற்றுக்கு வைத்துவிடாதீர்கள்.

ஒரு சுற்றுக்குச் சாப்பிடவும் எடுக்கவும் அடுத்தது வரவும் 15 நிமிடம் என்றால், ஒன்பது சுற்றுக்கு இரண்டேகால் மணித்தியாலம். இரண்டரையைத் தாண்டினால் வயது போனவர்களும் பிள்ளைகளும் களைத்துவிடுவார்கள். பரிசாரகர் ஒவ்வொரு பீங்கானுக்கும் சொல்லும் விளக்கமும் இந்த நேரத்துக்குள்தான் அடங்குகிறது. இருபது விநாடி போதும்: என்ன, எந்த ஊர், எப்படிச் சாப்பிடுவது. தோட்டக்காரரின் குடும்ப வரலாறு வரை போனால் கணவாய் ஆறிவிடும்.

மரக்கறிக்காரர் விடயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டு உறவுகள் அதிகம் வருவது நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில். அந்த நாட்களில்தான் எங்கள் வீடுகளில் பலர் மச்சம் தொடுவதில்லை. அந்நேரம் நண்டும் ஆடும் நடுநாயகமாக உள்ள விருந்தை விளம்பரப்படுத்திவிட்டு, விரதக்காரருக்கு இறைச்சிக்குப் பதில் காளான், நண்டுக்குப் பதில் பனீர் என்று மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடுமா? சைவ விருந்துக்குத் தனியான முதுகெலும்பு வேண்டும். பலாக்கொட்டை போட்ட மரக்கறிக் கூழ், வாழைப்பூ வறை, முருங்கைக்காய்ச் சதை வழித்த பாற்கறி, நெருப்பில் சுட்ட கத்தரிக்காய், உறைப்பின் உச்சமாகப் பலாக்காய்க் கறி, பருவம் இருந்தால் பனங்காய்ப் பணியாரம். ஒன்பது சுற்றுக்கு இதில் தாராளமாகச் சரக்கு உண்டு. தாச்சியும் அகப்பையும் எண்ணெயும் வேறாக இருக்க வேண்டும். சம்பலில் மாசிக் கருவாடு இல்லை என்பதைச் சமையற்காரரிடம் நேரே கேட்டு உறுதிப்படுத்துங்கள். தென்பகுதியில் பழகிய கைகள் யோசிக்காமலே மாசியைத் தூவிவிடும்.

பச்சை மீன் பற்றி ஓர் எச்சரிக்கை. ஜப்பானைப் பார்த்து அறக்குளாவையும் சூரையையும் மெல்லியதாகச் சீவித் தேசிக்காய் விட்டுக் கொடுக்கிறார்கள். தேசிக்காய்ப் புளி மீனை வெளுக்கச் செய்யும், ஒட்டுண்ணிப் புழுக்களைக் கொல்லாது. பச்சையாகக் கொடுக்கும் மீனை மைனஸ் 20 பாகை செல்சியஸில் ஏழு நாள், அல்லது நன்றாக உறைந்த பின் மைனஸ் 35 பாகையில் 15 மணித்தியாலம் வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்பு வழிகாட்டல். மின்சாரம் அடிக்கடி போய்வரும் இடத்தில் சாதாரண உறைபெட்டியை நம்பி இதைச் செய்ய முடியாது. சூரை போன்ற மீன் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருள் சேரும். அது பிறகு எவ்வளவு சமைத்தாலும் போகாது. சுட்டோ அவித்தோ கொடுங்கள், எவருக்கும் குறைவில்லை.

விலை விடயத்தில் சுருக்கமாக ஒன்று. விளம்பரத்தில் ஒரு தொகையைப் போட்டுவிட்டு, பில்லில் 10 வீதச் சேவைக் கட்டணமும் 18 வீத வற் வரியும் மேலே ஏற்றுவது வருகிறவரை ஏமாற்றும் வேலை. எல்லாம் சேர்த்த ஒரே எண்ணைப் போடுங்கள். தண்ணீர்ப் போத்தலுக்குக் காசு உண்டா என்பதையும் எழுதுங்கள்.

சாப்பிடப் போகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. ஒரு மேசையில் எல்லோரும் அதே மெனுவைத்தான் எடுக்க வேண்டும் என்று விடுதி சொன்னால் கோபிக்காதீர்கள். எட்டுப் பேர் மேசையில் இருவர் மட்டும் ஒன்பது சுற்று எடுத்தால், மற்ற ஆறு பேரும் அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டு இருக்க நேரும், குசினியின் நேரக் கணக்கும் குழம்பும். சின்னப் பிள்ளைகள் நாலைந்து பேரோடு பன்னிரண்டு பேராகப் போகிற குடும்பத்துக்கு இந்த விருந்து தோதுப்படாது. பெரிய சட்டியில் கறி வைத்து எல்லோரும் எடுத்துப் போட்டுச் சாப்பிடும் மேசையே அவர்களுக்கு நல்லது. இருபது இருக்கை உள்ள இடத்தில் இருவர் சொல்லாமல் வராவிட்டால் அன்றைய வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடும், வாங்கிய நண்டும் வீண். முற்பணம் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டு நாளுக்கு முன்னரே தொலைபேசியில் கூப்பிட்டு, எத்தனை பேர், யார் மச்சம் சாப்பிடமாட்டார், யாருக்கு இறால் நண்டு ஒவ்வாது, யாருக்குக் கச்சான், கஜு, பால், கோதுமை கூடாது, யாருக்குச் சீனி வருத்தம் என்பதைச் சொல்லுங்கள். கச்சானும் கஜுவும் குழம்பைத் தடிக்க வைக்க அரைத்துப் போடப்படுவதால் கண்ணுக்குத் தெரியாது. கூழ் இறக்கி வைத்த பிறகு 'எனக்கு இறால் ஒவ்வாது' என்று மேசையில் சொன்னால், குசினியால் செய்யக்கூடியது அந்தச் சுற்றை விட்டுவிடுவது மட்டும்தான். உறைப்பைக் குறைக்கச் சொல்வதும் அந்த அழைப்பிலேயே முடிய வேண்டும். கறித்தூள் போட்ட பிறகு அதை எடுக்க வழியில்லை.

இங்ஙனம்,
விடுதிச் சமையற் பயிற்சியாளர் ஒருவர்,
கொக்குவில்.